வேறு காரின் இருக்கையை ஈகோ வேனில் பொருத்தும் முறை

குடும்பத்தோடு தங்கிப் பயணம் செய்வதற்காக மாருதி ஈகோ வேனை மாற்றியமைக்க விரும்புவோர், உடைப்புக்கு வந்த கார்களின் சாய்வு இருக்கைகளைத் திருச்சியிலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடி வாங்குவது வழக்கம். அப்படி வாங்கும்போது இருக்கையின் அழகைவிட, அது பழைய வண்டியின் தரையில் எப்படி நின்றது என்பதையே முதலில் கவனிக்க வேண்டும். இருக்கையை மட்டும் வாங்காமல், அதைத் தாங்கிய ரெயில், பிராக்கெட், போல்ட் ஆகியவற்றையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் (மின்கம்பி இணைப்பான்) தொங்கினால் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கையாக இருக்கக்கூடும் என்பதால், அதைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது.

வெள்ளம் புகும் காவிரி டெல்டாவில் இன்னொரு சோதனையும் தேவை. இருக்கையோடு வந்த சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, சுருளுக்குள் கிடந்த கடைசி ஒரு முழத்தைப் பாருங்கள். அங்கே வண்டல் கறை கோடாகத் தெரிந்தால், மேலுறையை எவ்வளவு துவைத்திருந்தாலும் அந்த வண்டி வெள்ளத்தில் நின்றதுதான். ரெயிலுக்குள்ளும் ஸ்பிரிங்குகளிலும் துரு தொடங்கியிருக்கும். இந்தச் சோதனை வண்டியின் கதையை அறிவதற்கு மட்டுமே. பயணத்துக்குப் புதிய பெல்ட்டே வேண்டும்.

ஈகோவில் என்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. அங்கே வேறு இருக்கையை மாட்டினால், ஒவ்வொரு பழுதுக்கும் போல்ட்டைக் கழற்ற நேரிடும். ஆகவே முன்வரிசையைக் கம்பெனி கொடுத்தபடியே விட்டுவிட்டு, நடுவரிசையில் மட்டும் மாற்றம் செய்யலாம்.

துளை போடுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்வர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. இருக்கைகளின் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் இதில் அடங்கும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

அதன்பின் இருக்கைக் கால்களின் துளைகளைத் தடித்த அட்டையில் படியெடுத்து, வேனின் தரையில் விரித்துப் பாருங்கள். ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து, பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய், பிரேக் குழாய் ஆகியவற்றின் மேல் எந்தத் துளையும் விழவில்லை என்று உறுதிசெய்த பிறகே டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும். தரைத் தகடு மெல்லியது என்பதால், போல்ட்டையும் வாஷரையும் மட்டும் நம்பினால் திடீர் பிரேக்கில் துளை கிழிந்துவிடும். ஒவ்வொரு துளைக்கும் அடியில் குறைந்தது 3 மி.மீ. தடிப்புள்ள, உள்ளங்கை அகல இரும்புத் தகட்டைக் கொடுத்து, தலையில் 8.8 என்ற வலிமைத் தர எண் பொறித்த போல்ட்டால் இறுக்குங்கள். வெல்டிங் தேவைப்பட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக் காற்றுக்குத் துளையின் விளிம்பே முதலில் இரையாகும். ஆகவே துளையிட்ட அன்றே பிரைமர் பூசி, சீலன்ட் வைத்து அடைத்துவிட வேண்டும்.

லாரி, பேருந்துகளில் கழற்றிய மின்விசிறியையும் சேர்த்து மாட்ட ஆசைப்படுவோர், அதன் மேல் ஒட்டிய வில்லையைப் படித்துப் பார்க்கட்டும்: கனரக வண்டிகளில் பெரும்பாலும் 24 வோல்ட், ஈகோவில் 12 வோல்ட்.

இறுக்கி முடித்ததும் நட்டின் மீதும் தகட்டின் மீதும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். நட்டு தளர்ந்தால் கோடு விலகி நிற்பது டார்ச் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும்.