ட்ரே பீஸா, பாக்ஸ் பீஸா? பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

போன வாரம் அக்கா மகன் அம்பாசமுத்திரத்தில் இருந்து போன் செய்தான். சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறானாம். அதற்கு ப்ராசசர், அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சிப், வாங்க வேண்டும். "மாமா, ரெண்டும் ஒரே ப்ராசசர்தான். ட்ரே பீஸ்னா 1,500 ரூபா கம்மியா வருதுல்லா, அதையே வாங்கிரட்டா?" என்று கேட்டான். பாளையங்கோட்டையில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிறவர்களுக்கு 12 வருடமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. அவனிடம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ட்ரே பீஸ் என்பது ஓஇஎம் சரக்கு. ஓஇஎம் என்றால் கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு மொத்தமாக விற்கிற சரக்கு. ப்ராசசர்களை பிளாஸ்டிக் தட்டில் அடுக்கி அனுப்புவார்கள், அதனால் கடையில் அதற்கு ட்ரே பீஸ் என்று பெயர். ரீடெயில் என்பது நம்மைப் போல ஒன்றே ஒன்று வாங்குகிறவருக்காக அட்டைப் பெட்டியில் வருவது, அதுதான் பாக்ஸ் பீஸ். ஒரே மாடல் என்றால் வேகத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் வாரண்டியில்தான். பாக்ஸ் ப்ராசசருக்கு, அதைத் தயாரிக்கிற இன்டெல்லும் ஏஎம்டியும் பொதுவாக 3 வருடம் நேரடியாகப் பொறுப்பேற்கிறார்கள். ட்ரே பீஸ் கெட்டுப்போனால் வாங்கிய இடத்தில் கேள் என்றுதான் சொல்வார்கள். அதாவது, வாரண்டி தருவது கடைக்காரர். அவர் எங்கே இருக்கிறார், அடுத்த வருடமும் அங்கே இருப்பாரா என்பதையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும்.

இது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. ஒரு தடவை சென்னை போயிருந்தபோது ஒரு கடையில் பெட்டி இல்லாத ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தேன். எட்டாவது மாதம் அது டிக் டிக் என்று தட்ட ஆரம்பித்தது. உள்ளே களக்காட்டில் நடந்த ஒரு கல்யாணத்தின் படங்கள் அத்தனையும் இருந்தன. சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டால், 'இது ஒரு கம்ப்யூட்டரின் பாகமாக விற்கப்பட்டது, வாங்கிய இடத்தை அணுகவும்' என்று வந்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போனேன். பில்லில் 'ஹார்ட் டிஸ்க் 1 டிபி' என்று மட்டும் எழுதியிருந்தது, நம்பர் இல்லை. இது எங்கள் சரக்குதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. போட்டோகிராபர் கேமரா கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் அந்தக் குடும்பத்தின் படங்கள் தப்பின.

அன்றிலிருந்து கடையில் நின்றபடியே சீரியலைப் பார்த்துவிடுவேன். டிஸ்க்கின் லேபிளில் எஸ்/என் என்று இருக்கும் நம்பரை, கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் போனிலேயே அடியுங்கள். முடியும் தேதி வந்தால் நல்லது. வாங்கிய இடத்தைக் கேட்கச் சொன்னால் அது ஓஇஎம். அதற்கப்புறம் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். கையால் எழுதினாலும் போதும், கடை சீல் இருக்கட்டும்.

பாக்ஸ் ப்ராசசரை நீங்கள் பார்க்கும்போதே பிரிக்கச் சொல்ல வேண்டும். இன்டெல் பெட்டியின் லேபிளில் உள்ள பேட்ச் நம்பரும், ப்ராசசரின் உலோக மூடியில் பொறித்திருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டி ஒன்று, சிப் வேறொன்று என்றால் வாரண்டி கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்து ஃபேன். ஏஎம்டியின் ரைசன் 5 5600 பெட்டிக்குள் கூலர், அதாவது ப்ராசசரைக் குளிர்விக்கும் ஃபேன், சேர்ந்தே வரும், அடியில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் பூசியிருக்கும். ட்ரே என்றால் பெரும்பாலும் வெறும் சிப்தான். கூலர் தனியாக வாங்கினால் மிச்சம் பிடித்த 1,500-ல் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். நம் ஊர் மே மாத வெயிலில் மட்டமான கூலரை வைத்து ஒப்பேற்றவும் முடியாது. ஆனால் பெயர் 'கே' என்று முடியும் இன்டெல் ப்ராசசர்களுக்குப் பெட்டியிலும் கூலர் வராது. எப்படியும் தனியாக வாங்கத்தான் வேண்டும் என்பதால், கடை பக்கத்திலேயே இருந்து, கடைக்காரரும் தெரிந்தவராக இருந்தால், அங்கே ட்ரே பீஸ் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ப்ராசசர் பொதுவாக அவ்வளவு சீக்கிரம் சாகாது.

ஹார்ட் டிஸ்க் போலவே படங்களைச் சேமிக்கிற, ஆனால் அதைவிட வேகமான எஸ்எஸ்டியில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். சாம்சங் 980 ப்ரோவுக்கு 5 வருட வாரண்டி. அதன் ஓஇஎம் உடன்பிறப்பான பிஎம்9ஏ1 வேகத்தில் அதற்கு நெருங்கி வரும், விலையும் குறைவு. ஆனால் சாம்சங்கின் மெஜிஷியன் மென்பொருள் வழியாக அதற்கு ஃபர்ம்வேர் (எஸ்எஸ்டிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) அப்டேட் கிடைக்காது. லேப்டாப்பில் இருந்து கழற்றிய பீஸ்கூட புதுசு என்று விலைக்கு வரும். படங்கள் தூங்குகிற இடம் அது. அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

விண்டோஸுக்கும் இதே கதைதான். ஓஇஎம் லைசென்ஸ் முதலில் போட்ட கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொள்ளும், வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியாது. ரீடெயில் என்றால் பழையதில் இருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். உங்களுடையது எது என்று பார்க்க, கமாண்ட் ப்ராம்ப்டில் எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்று ஐந்து எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு, டி-எல்-ஐ என்று அடியுங்கள். சின்னப் பெட்டி ஒன்று திறக்கும், அதில் ஓஇஎம் சேனலா, ரீடெயில் சேனலா என்று எழுதியிருக்கும். 'வால்யூம்' என்றால் நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரும் லைசென்ஸ். அப்படி இருந்து, நீங்கள் வீட்டுக்கு வாங்கியதாக இருந்தால், விற்றவரிடம் உடனே கேளுங்கள்.

அக்கா மகன் கடைசியில் வண்ணார்பேட்டையில் பாக்ஸ் பீஸே வாங்கினான். பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சீரியல் நம்பரில் 8 இருக்க வேண்டிய இடத்தில் 3 எழுதியிருந்தார்கள். "ஏல, கடையை விட்டு இறங்காத, திருத்தி வாங்கு" என்றேன். திருத்தி, பக்கத்தில் சீலும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினான்.