ரைட்டிங் 6.5-இல் நிற்பவர்களுக்கு: எக்ஸ்பிரஸ் என்ட்ரி மதிப்பெண்ணைக் கூட்டும் வழி

பெங்களூருவிலிருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது மதிப்பெண் பார்த்துக் குடியேற அழைக்கும் கனடாவின் முறையில், விண்ணப்பிக்கும் நம்மவர்கள் பலர் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் லிசனிங் 8, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 7 வந்துவிடும். ரைட்டிங் மட்டும் 6.5. நானும் அங்கேதான் நின்றிருந்தேன், பிறகு தாண்டினேன். பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்புவது, புரொஃபைல் திறப்பது எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: கணக்குப் போடுங்கள்

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் சராசரி பேண்டுக்கு (ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணை அப்படித்தான் சொல்வார்கள்) மதிப்பே இல்லை. நான்கு பிரிவுகளையும் தனித்தனியாக, கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சி.எல்.பி. நிலைக்கு மாற்றுவார்கள். சி.எல்.பி. 9-க்கு லிசனிங் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். ரைட்டிங் 6.5 என்றால் அது சி.எல்.பி. 8.

துணையில்லாமல் விண்ணப்பிக்கும் ஒருவருக்கு அந்த ஒரு பிரிவில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி மதிப்பெண் 31-க்குப் பதில் 23 கிடைக்கும். எட்டு மதிப்பெண்தானே என்று விட்டுவிடாதீர்கள். படிப்பையும் கனடாவுக்கு வெளியே (நம் ஊரிலும்தான்) பெற்ற வேலை அனுபவத்தையும் மொழியோடு சேர்த்துத் தரும் கூடுதல் மதிப்பெண், நான்கு பிரிவும் 9-ஐத் தொட்டால்தான் முழுதாகக் கிடைக்கும். முதுகலைப் பட்டமும் மூன்றாண்டு அனுபவமும் இருப்பவருக்கு அது 100. ஒரு பிரிவு 8-இல் நின்றாலும் 50. ஆக, அரை பேண்டின் விலை 58 மதிப்பெண். பி.இ. மட்டும் முடித்தவருக்கு 45.

முப்பது வயதிலிருந்து நாற்பது வரை ஆண்டுக்கு 5 அல்லது 6 மதிப்பெண் வயதுக்காகவே குறைந்துகொண்டு வரும். நாம் சீக்கிரம் கை வைத்துக் கூட்டக்கூடியது பெரும்பாலும் மொழிதான்.

படி 2: தேர்வைத் தேர்ந்தெடுங்கள்

ஐஇஎல்டிஎஸ் என்றால் ஜெனரல் டிரெய்னிங்; அகாடமிக் செல்லாது. செல்பிப் ஜெனரல், 2024 முதல் பி.டி.இ. கோர் ஆகிய வேறு இரண்டு ஆங்கிலத் தேர்வுகளும் செல்லும். அவற்றில் கணினியிடம் பேச வேண்டும், அது எனக்குப் பிடிக்காததால் ஐஇஎல்டிஎஸ்ஸோடு இருந்தேன். ஆனால் எழுதுவதைக் கணினியில் எழுதுங்கள். சொற்களின் எண்ணிக்கை திரையிலேயே தெரியும், ஒரு வாக்கியத்தை வெட்டி மேலே வைக்கலாம். கையால் எழுதி அடித்துத் திருத்தும் பாடு எதற்கு?

படி 3: லிசனிங், ரீடிங்

தேர்வு நடத்துபவர்களே வெளியிட்ட பழைய வினாத்தாள்களை மட்டும் போடுங்கள். லிசனிங் 8-க்கு நாற்பதில் ஏறக்குறைய 35 சரியாக வேண்டும், ரீடிங் 7-க்கு 34. லிசனிங்கில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும் இடத்தில் கவனம். 'பேட்' (மட்டை) என்பதன் முதல் ஆங்கில எழுத்தும் 'பென்' (பேனா) என்பதன் முதல் ஆங்கில எழுத்தும் தமிழ்க் காதுக்கு ஒன்றாகவே விழும்.

படி 4: ரைட்டிங்

ஒரு மணி நேரத்தில் குறைந்தது 150 சொற்களில் ஒரு கடிதம், குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை. கட்டுரைக்கு இரட்டிப்பு மதிப்பு. எனவே அதை முதலில், நாற்பது நிமிடத்தில் முடியுங்கள்.

பயிற்சி மையங்கள் மனப்பாடத்துக்குத் தரும் தொடக்க வாக்கியங்களைத் தூக்கிப் போடுங்கள். நான் போன மையமும் அப்படி ஒரு தாள் கொடுத்தது. அந்த அலங்காரத்தில் இரண்டு வரி போய்விடும், கேட்ட கேள்விக்குப் பதில் வராது. மதிப்பீட்டில் நான்கு அம்சங்கள் உண்டு: கேள்விக்குப் பதில், கருத்துக் கோவை, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. 6.5-இல் நிற்பவர்கள் சொல்வளத்தையே தேய்த்துக்கொண்டிருப்பார்கள்; ஓட்டை பெரும்பாலும் முதல் அம்சத்தில் இருக்கும்.

உதாரணமாக, வீட்டிலிருந்து வேலை செய்வது நல்லதா என்று கேள்வி. 'போக்குவரத்து நெரிசல் குறைகிறது, நேரம் மிச்சமாகிறது, செலவு குறைகிறது' என்று மூன்று காரணங்களை அடுக்கினால் எதுவும் வளர்வதில்லை. ஒன்றை எடுங்கள். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் ஊழியர் சில்க் போர்டு சந்திப்பில் மாலைப்பொழுதைத் தொலைக்கிறார். வீட்டில் இருந்தால் அதே நேரத்தில் மகளின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கிறார். அதனால் குடும்பத்தில் என்ன மாறுகிறது? இவ்வளவும் ஒரே பத்தி. இதைப் பிடித்த பிறகுதான் என் மதிப்பெண் நகர்ந்தது.

கடிதத்தில் வேறு சிக்கல். நண்பருக்கு எழுதச் சொன்னால் அலுவலக மின்னஞ்சல் நடையிலேயே கை போகும். வாடிக்கையாளருக்கு எழுதும் அந்த மரியாதை நடை நண்பரிடம் எடுபடாது.

கடைசி ஐந்து நிமிடம் 'ஏ', 'தி', பன்மை 'எஸ்' ஆகிய மூன்றை மட்டும் தேடுங்கள். தமிழில் யோசித்து எழுதுபவர்களிடம் முதலில் விடுபடுவது இவைதான்.

படி 5: ஸ்பீக்கிங்

நமக்கு வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம். அந்த அலுவலக ஆங்கிலம் காலைக் கூட்டத்தில் 'நேற்று இதை முடித்தேன், இன்று அதைச் செய்வேன்' என்பதோடு நின்றுவிடும். சின்ன வயதுப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னால் அரை நிமிடத்தில் வற்றிவிடும். அல்சூர் ஏரிக்கரையில் நடந்தபடி கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து கேட்டேன். செயலி எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

பின்சேர்க்கை

அரை பேண்ட் மட்டும் குறைந்தால் மறு மதிப்பீடு கேட்கலாமா என்று சிலர் கேட்டார்கள். தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் கேட்கலாம். மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்ப வரும். ரைட்டிங், ஸ்பீக்கிங் என்றால் முயன்று பாருங்கள்.

தம்பதியாக விண்ணப்பிப்பவர்களுக்கு: துணைவரின் மொழித் தேர்வுக்கும் 20 மதிப்பெண் வரை உண்டு. யாரை முதன்மை விண்ணப்பதாரராக வைத்தால் மொத்தம் கூடுகிறது என்று இரண்டு விதமாகவும் கணக்குப் போடுங்கள்.

ஒரு வாசகர் இனிஷியல் பற்றிக் கேட்டிருந்தார். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். அப்படியானால் கனடா புரொஃபைலில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, மற்றதைக் காலியாக விடுங்கள். தேர்வுக்குப் பதியும்போதும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே பார்த்து எழுதுங்கள், அப்பா பெயரை நீங்களாக விரித்து எழுத வேண்டாம்.