பாம்பு கடித்தால் கடனில் விழாமலிருக்க

பிசானப் பருவத்தில் நெல் நாற்று நடும்போதோ கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாழைக்குச் சருகு கழிக்கும்போதோ கடிபடுகிறவர் பெரும்பாலும் அன்றாடக் கூலி ஆள். படுத்துவிட்டால் கூலி போச்சு, துணைக்கு இருப்பவர் கூலியும் போச்சு. மிச்சத்தை வட்டிக்காரர் பார்த்துக்கொள்வார். உலக சுகாதார நிறுவனம் 2017ல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

கடித்ததும் மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீங்கியபின் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ ஆடாமல் மட்டை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். கயிறு, துண்டு வைத்து இறுக்கக் கூடாது. கண்ணாடிவிரியன் போன்றவற்றின் விஷமே தசையை அழுகச் செய்யும். இறுக்கிய கட்டு ரத்தத்தையும் நிறுத்தினால் விரல் போகும். ஏற்கெனவே இறுக்கியிருந்தால் வழியில் அவிழ்க்காமல் மருத்துவர் முன்னால் அவிழ்க்கட்டும். நடக்க விடாதீர்கள். 108 தாமதமானால் பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். மந்திரிக்க, பச்சிலை வாங்க என்று எங்கும் நிறுத்த வேண்டாம். பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம். அதற்குள் இன்னொருவர் கடிபடுவார்.

கட்டுவிரியன் வேறு மாதிரி. தரையில் தூங்குகிறவரை ராத்திரி கடிக்கும், தடம்கூடத் தெரியாது. விடியக்காலம் வயிற்று வலி, இமை தொங்கல் என்றால் அஜீரணம் என்று சோடா குடிக்க வைக்காதீர்கள்.

விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். வழக்கமாக முதலில் 10 குப்பி, சிறுபிள்ளைக்கும் அதே அளவு. ஆள் சின்னது என்று பாம்பு விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடிவிரியன் போன்றவற்றின் விஷம் ஏறியிருக்கிறது. முதல் தடவை உறைந்துவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பாதீர்கள், 24 மணி நேரமாவது இருக்க வேண்டும். கண்ணாடிவிரியன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் குறைந்தாலோ கறுத்தாலோ உடனே சொல்லுங்கள். டயாலிசிஸ் வசதிக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும்.

சேர்க்கைச் சீட்டில் ‘பாம்புக்கடி’ என்றும் நேரமும் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில், பாம்புக்கடிச் சாவுக்கு 2 லட்சம் கேட்க அந்த மருத்துவமனைப் பதிவுதான் ஆதாரம். 30 நாளுக்குள் வங்கியில் மனு கொடுங்கள். கையோ காலோ முழுதாகச் செயலிழந்தால் 1 லட்சம். விரல் மட்டும் போனால் ஒன்றும் கிடையாது.