அம்மாவின் புகைக் கணக்கை எழுதுவது எப்படி?

"பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?" ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அம்மா இல்லையென்று தலையாட்ட, இருமல் டானிக் எழுதிக் கொடுத்தார்கள். இப்படியே மூன்று வருடம். சாயல்குடிப் பக்கம் எங்கள் பனங்காட்டில் அவர் கருப்பட்டி காய்ச்சிய 30 வருடத்தை யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. உங்கள் வீட்டில் மூச்சிளைப்போடு ஒரு பெண் இருந்தால், டாக்டரிடம் போகுமுன் அவர் சுவாசித்த புகையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

எந்த வருடம் என்று கேட்டால் நம் அம்மாக்களுக்குச் சொல்லத் தெரியாது. நடந்ததை வைத்துக் கேளுங்கள். தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964-இல் என் அம்மாவுக்கு 7 வயது. "அப்புறம் அஞ்சு வருசத்துல அடுப்படிக்கு வந்துட்டேன்" என்றார். அப்படியானால் 12 வயது. கேஸ் வந்தது 60 வயதில். இடையில் 48 வருடம், தினமும் 3 மணி நேரம் விறகடுப்பு. மணியையும் வருடத்தையும் பெருக்கினால் 144. விடிலியில், அதாவது பனங்காட்டுக் குடிசையில், கருப்பட்டிக்குப் பதனீர் காய்ச்சியது தனிக் கணக்கு: ஒரு நாளுக்கு 6 மணி நேரம், 30 வருடம், ஆனால் பங்குனி முதல் ஆனி வரை 4 மாதம்தான். அதனால் மூன்றில் ஒரு பங்கு, 60. மொத்தம் 204. மைசூர் மாவட்டக் கிராமப் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில் இந்த எண் 60-ஐ எட்டினாலே நாள்பட்ட மார்ச்சளிக்கு வாய்ப்பு கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். கூட்டிப் பார்த்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்ன எரித்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பனை மட்டை, ஓலை, சீமைக்கருவை முள். ஐப்பசி மழையில் நனைந்த முள் தரும் புகை தனி ரகம். அடுப்படியில் ஜன்னல் இருந்ததா? வீட்டுக்குள் யார் பீடி பிடித்தார்கள்? விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்தில் வேலை பார்த்ததுண்டா? சின்ன வயதில் அடிக்கடி நெஞ்சுச் சளி வந்ததா?

காசநோய் வந்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று நம் ஊரில் அதை மூடி வைப்பார்கள். குணமான பிறகும் அது நுரையீரலில் தழும்பை விட்டுப் போகலாம். டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம்.

தாளைக் கொடுத்துவிட்டு, "ஸ்பைரோமெட்ரி எடுக்கணுமா?" என்று கேளுங்கள். குழாயில் வேகமாக ஊதிப் பார்க்கும் பரிசோதனை அது. சி.ஓ.பி.டி. என்கிற நுரையீரல் அடைப்பு ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், ஊதும்போது தெரியும். சின்ன ஆஸ்பத்திரிகளில் இருக்காது, நெஞ்சக நோய்ப் பிரிவில் கேட்க வேண்டும். அம்மாவுக்கு அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். போன நுரையீரல் திரும்பாது என்றார் டாக்டர். ஆனால் இன்ஹேலர் தொடங்கிய பிறகு கிணற்றடி வரை உட்காராமல் போய் வருகிறார். இன்ஹேலர் பழகினால் விடாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

சிலிண்டர் மாதக்கடைசி வரை வர வேண்டும் என்று வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் இன்னும் விறகுதான். அந்த அடுப்பை வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டோம். வாடைக்காற்று மாதங்களில் காற்று முதுகில் படும்படி உட்கார வேண்டும், புகை எதிர்ப்பக்கம் போய்விடும். காற்று மாறினால் மணைப்பலகையை மறுபக்கம் போடுங்கள். இப்போது அங்கே உட்காருவது நான். அம்மா திண்ணையில் இருக்கிறார்.