பத்தும் நல்ல குதிரை என்றால் தோற்பது யார்? மெய்நிகர் ஃபில்லி ரேஸுக்கு முன்னோட்டம் எழுதுபவர்கள் விடும் பிழைகள்

போன வருடம் எங்கள் வட்டத்து ஆட்களுக்காக ஒரு மெய்நிகர் ரேஸுக்கு, அதாவது கணினியில் ஓடும் ரேஸுக்கு, எது வெல்லும் என்று ஊகிக்கும் முன்னோட்டம் எழுதினேன். இரண்டு வயதுப் பெண் குதிரைகள் மட்டும் ஓடும் ரேஸ். பத்துக் குதிரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி. எழுதி முடித்த பெருமையில் கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமாவுக்கும் அனுப்பி வைத்தேன். மாமா பல வருடமாகப் புக்கிக்கு, அதாவது பந்தயம் கட்டும் கடைக்கு, போய் வருகிறவர். இங்கிலாந்து ரேஸ் தாளை நின்றபடியே ஒரு பார்வையில் படித்து மடித்துவிடுவார். இரவு போன் எடுத்தார்.

"எல்லாம் வாசிச்சனான். பத்தும் நல்ல குதிரை எண்டா தோக்கிறது ஆரடா?"

என்னிடம் பதில் இல்லை. திரும்ப வாசித்துப் பார்த்தால், பத்துப் பந்தியிலும் பெயரை மட்டும் மாற்றிவிட்டு ஒரே பாராட்டைத்தான் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு நானாகவும் மாமா திட்டியும் கண்டுபிடித்த பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு சின்ன விஷயம்: இளம் பெண் குதிரையை ரேஸ்காரர்கள் ஃபில்லி என்பார்கள். பிரித்தானியக் கணக்கில் நான்கு வயது வரை ஃபில்லி, அதற்கு மேல் மேர். 'பில்லி' என்று எழுதினால் நம் ஆட்களுக்குச் சூனியம்தான் ஞாபகம் வரும் என்பதால் ஆய்த எழுத்தை விடாமல் போடுகிறேன்.

மிகப் பெரிய பிழை, எந்த வகை ரேஸ் என்று பார்க்காமலே எழுத உட்காருவது. மெய்நிகர் ரேஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்கள் இருக்கின்றன. ஒன்று, சூதாட்டத் தளங்களில் சில நிமிடத்துக்கு ஒன்றாக ஓடுவது. அங்கே முடிவைத் தீர்மானிப்பது கணினி எடுக்கும் ஒரு தற்செயல் எண். குதிரை ஓடும் காட்சி அந்த முடிவுக்குப் போர்த்திய சட்டை. தாயக்கட்டை போன முறை என்ன விழுந்தது என்று நினைவு வைத்திருப்பதில்லை, இதுவும் அப்படித்தான். 'கடைசி மூன்று ஓட்டத்திலும் முன்னேறி வருகிறாள்' என்று அதற்கு எழுதுவது லொத்தர் சீட்டின் இலக்கத்துக்குச் சாதகம் பார்ப்பது போல.

அந்த வகையில் எழுதத் தகுந்தது விலைக் கணக்கு ஒன்றுதான். ஆறு குதிரை ஓடுகிறது, ஒரு ரூபாய் கட்டினால் வென்றபோது கைக்கு வருவது முறையே 3, 4, 5, 6, 8, 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறை இவை ஒவ்வொன்றாலும் வகுத்தால் 33.3, 25, 20, 16.7, 12.5, 10. கூட்டினால் 117.5. ஆறு குதிரையின் வாய்ப்பும் சேர்ந்து 100-ஐத் தாண்ட முடியாது. 117.5-இல் மேலே நிற்கும் அந்த 17.5 நடத்துபவரின் பங்கு. வாய்ப்புகள் இந்த விலைகளின் அளவிலேயே அமைந்திருந்தால், எந்தக் குதிரையில் 100 ரூபாய் கட்டினாலும் நீண்ட கணக்கில் சுமார் 85 ரூபாய்தான் திரும்பி வரும். இதற்கு ஃபில்லியின் பெயர்கூடத் தேவையில்லை.

மற்றது லாயம் நடத்தும் விளையாட்டு. குதிரையை வாங்கி, இனப்பெருக்கம் செய்து, பயிற்சி கொடுத்து, ரேஸுக்குப் பெயர் கொடுப்பது. ஒவ்வொரு குதிரைக்குள்ளும் வேகம், தாக்குப்பிடிக்கும் பலம், பிடித்த தூரம் என்று மறைவான எண்கள் இருக்கும். ரேஸ் நாளில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேரும். இங்கேதான் முன்னோட்டத்துக்கு வேலை. மறைந்திருக்கும் எண்ணை, வெளியே தெரியும் ஓட்டங்களை வைத்து ஊகிப்பதுதான் அந்த வேலை.

இரண்டுக்கும் நடுவில் 2020-இல் ஒரு வேடிக்கை நடந்தது. கொரோனாவால் இங்கிலாந்தின் பெரிய தடை தாண்டும் ரேஸான கிராண்ட் நேஷனல் ரத்தாக, ஏப்ரல் 4 அன்று அதைக் கணினியில் ஓட்டினார்கள். ஓட வேண்டியிருந்த உண்மையான குதிரைகளின் தரவைப் போட்டு ஓட்டியதில் பொட்டர்ஸ் கோர்னர் வென்றது. பிரித்தானியாவில் சுமார் 48 இலட்சம் பேர் பார்த்தார்கள். மே 2 அன்று, கென்டக்கி டெர்பி நடந்திருக்க வேண்டிய நாளில், அமெரிக்க மும்மகுடம் (அந்த டெர்பி உட்பட மூன்று பெரிய ரேஸையும் ஒரே வருடத்தில் வெல்வது) வென்ற 13 குதிரைகளைத் திரையில் ஓடவிட்டார்கள். செக்ரட்டேரியட் முதலாவது. அந்த 13-இல் ஒரு ஃபில்லிகூட இல்லை. மும்மகுடத்தை இதுவரை எந்தப் பெண் குதிரையும் வென்றதில்லை. இந்த மாதிரி ரேஸுக்கு முன்னோட்டம் எழுதுவதென்றால், கணினிக்குள் என்ன தரவு போகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சரி, லாய விளையாட்டுக்கு வருவோம். மைதானத்து வசனங்களை அப்படியே திரைக்குக் கொண்டுவருவது இங்கே நடக்கும் இன்னொரு பிழை. 'தோல் பளபளக்கிறது, காதுகள் நிமிர்ந்திருக்கின்றன' என்று நானும் எழுதியிருக்கிறேன். வெட்கம்தான். ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பரேட் வளையத்தில் ஒரு உண்மைக் குதிரை வேர்த்துக்கொண்டு நின்றால் அதில் செய்தி உண்டு. நான் விளையாடுவதில் கபில நிறக் குதிரை எல்லாவற்றுக்கும் ஒரே படம். எங்களுக்கு இது தெரியாமல் போனதில் அதிசயமும் இல்லை. கொழும்புக் கறுவாத்தோட்டத்து ரேஸ் கோர்ஸில் 1893-இல் தொடங்கிய குதிரை ஓட்டம் 1956-இல் நின்றுவிட்டது. இடையில், இரண்டாம் உலக யுத்த காலத்தில் அதை விமான ஓடுபாதையாக்கினார்கள். இப்போது அங்கே ரக்பி ஆடுகிறார்கள், கடைகள் இருக்கின்றன. மாமாவின் அப்பா அங்கே குதிரை பார்த்தவர். மாமாவுக்கு ரேஸ் என்பது தாளும் டிவியும். எனக்கு அது போன் திரை. ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போனால் ஒழிய, உயிருள்ள ரேஸ் குதிரையை நாங்கள் பார்ப்பதே இல்லை.

இரண்டு வயது ஃபில்லிகளில் இன்னொரு சிக்கல், அதுகள் ஓடியதே இரண்டு மூன்று தடவைதான். இரண்டு ஓட்டத்தை வைத்து 'குணம் இதுதான்' என்று முடிவு கட்டக் கூடாது. அதிலும் வயது ஒரு பொய். வட அரைக்கோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1 தான் பிறந்தநாள். அவுஸ்திரேலியாவில் ஆகஸ்ட் 1. ஜனவரியில் பிறந்ததும் மே மாதம் பிறந்ததும் தாளில் ஒரே வயது, உடம்பில் நான்கு மாத வித்தியாசம். அந்த வயதில் நான்கு மாதம் சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் பெயர் பெற்ற பெண் குதிரை செனியாட்டா இரண்டு வயதில் ஓடவே இல்லை. 2007 நவம்பரில், மூன்று வயது முடியும் நேரத்தில்தான் முதல் ரேஸ். மொத்தம் 20 ஓட்டத்தில் 19 வெற்றி. இரண்டு வயதில் அவளைப் பற்றி யாராவது முன்னோட்டம் எழுதப் போயிருந்தால், எழுத ஒரு வரியும் கிடைத்திருக்காது.

ஆனால் கவனம்: இதை வாசித்துவிட்டு, 'இவள் பிந்திப் பிறந்தவள், இனித்தான் வளர்வாள்' என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் விளையாட்டில் பிறந்த மாதத்துக்கு மதிப்பு உண்டா என்று விதிகளில் முதலில் பாருங்கள். எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில் வயது ஏறி, பிறந்த மாதமே பதிவாகாத விளையாட்டும் உண்டு. உண்மைக் குதிரையின் ஞானம் அங்கே வெறும் அலங்காரம்.

பரம்பரைக்கு வருவோம். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். நம் முன்னோட்டக்காரர்களோ தாயை விட்டுவிட்டுத் தகப்பன் குதிரையை மட்டும் பாடுவார்கள். தகப்பனுக்குப் பல நூறு குட்டிகள் இருக்கும், பெயர் பெரிது, தகவல் கிடைப்பது சுலபம், அதுதான் காரணம். தாய்க்கு நாலைந்து குட்டிதான். ஆனால் பாதி அவளுடையது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு குதிரைகள்கூடச் சராசரியாகப் பாதி மரபணுவைத்தான் பகிர்கின்றன. 'அக்கா வென்றாள், தங்கையும் வெல்வாள்' என்று எழுதுவதற்கு முன் இதை நினையுங்கள். பழமொழி சேலைக்குப் பொருந்தும் அளவுக்குக் குதிரைக்குப் பொருந்தாது.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது. குதிரைகளை ஒவ்வொன்றாக எழுதி, ரேஸை எழுதாமல் விடுவது. மாமா கேட்ட கேள்வியின் உள்ளே இருந்ததும் இதுதான்.

உதாரணத்துக்கு நானே நாலு பெயர் வைக்கிறேன்: மழைக்குருவி, வெள்ளிக்கொலுசு, கடலோர ரயில், கறுவாக்காற்று. 1,200 மீற்றர் ரேஸ், மொத்தம் எட்டு ஃபில்லி. முதல் மூன்றும் இதுவரை வென்றபோதெல்லாம் தொடக்கத்திலிருந்தே முன்னால் ஓடி வென்றவை. தனித்தனியாக எழுதினால் மூன்றுக்கும் 'சுட்டெரிக்கும் தொடக்க வேகம்' என்று எழுதலாம், மூன்றும் உண்மைதான். ஆனால் முன்னால் ஓடும் இடம் ஒன்றுதானே இருக்கிறது? கொழும்புக் காலி வீதியில் இரண்டு 100-ஆம் இலக்க பஸ் ஒன்றையொன்று முந்துவதைப் பார்த்திருப்பீர்கள். பம்பலப்பிட்டிச் சந்தி வரும்போது இரண்டிலும் இருப்பவர்களுக்கு உயிர் போய் வரும். குதிரையும் அப்படித்தான், முதல் 600 மீற்றரில் சண்டை பிடித்தால் கடைசி 200-க்குக் காலில் ஒன்றும் மிஞ்சாது. அப்போது, நாலாவது ஐந்தாவது இடத்தில் சும்மா வந்துகொண்டிருந்த கறுவாக்காற்று எல்லோரையும் தாண்டிப் போவாள். அவளுடைய எண்கள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தாலும்.

இதையே திருப்பிப் பாருங்கள். முன்னால் ஓடுகிறவள் ஒருத்திதான், மற்ற ஏழும் பின்னாலிருந்து வருபவை என்றால், அந்த ஒருத்தி தன் விருப்பத்துக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு போய், கடைசியில் மிச்சம் வைத்ததை எடுத்து வென்றுவிடுவாள். திறமையில் நாலாவதாக இருந்தாலும் அவளைத்தான் நான் மேலே போடுவேன். இப்போது நான் முன்னோட்டம் எழுதத் தொடங்குவது ஒரு துண்டுக் கடதாசியில்தான். யார் முன்னால், யார் நடுவில், யார் பின்னால், எந்தத் தடுப்பிலிருந்து (தொடக்கக் கோட்டில் நிற்கும் கூண்டு) புறப்படுகிறார்கள். இங்கிலாந்தின் நியூமார்க்கெட் மைதானத்தில் ஒரு மைல் நேர்ப்பாதை. அங்கேயே செஸ்டர் மைதானத்தில் பாதை திரும்பிக்கொண்டே இருக்கும், உள்பக்கத் தடுப்புக்கு இலாபம். உங்கள் விளையாட்டு எந்த மைதானத்தைப் பிரதி செய்திருக்கிறது என்று தெரிந்தால் அதையும் கடதாசியில் போடலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லாய விளையாட்டில் ஜொக்கிக்கு (குதிரை ஓட்டுபவருக்கு) உத்தரவு கொடுப்பது உரிமையாளர், அந்த உரிமையாளர் உங்கள் முன்னோட்டத்தை வாசிக்கிறவர். 'மூன்றும் முன்னால் போய்ச் சாகப் போகின்றன' என்று நான் எழுதிய ஒரு ரேஸில் மூன்று பேரும் இரவோடிரவாகக் குதிரையைப் பின்னால் வைக்கச் சொல்லிவிட்டார்கள். முன்னால் போக ஆளில்லாமல் ரேஸ் பஸ் தரிப்பில் நிற்பது போல் நடந்தது. அதிலிருந்து 'முன்னால் போனால் இப்படி, போகாவிட்டால் அப்படி' என்று இரண்டு வழியும் எழுதுகிறேன்.

நேரத்தையும் இடைவெளியையும் பற்றிச் சுருக்கமாக. ரேஸில் இடைவெளியைக் குதிரை நீளத்தில் சொல்வார்கள், ஒரு நீளம் சுமார் 2.4 மீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்குப் பதினேழு மீற்றர் அளவில் போகும். ஆகவே செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு என்பது ஒன்றரை நீளத்துக்குக் கிட்ட. தரை ஈரமாக இருந்த நாளின் நேரத்தைக் காய்ந்த நாளின் நேரத்தோடு ஒப்பிட்டு, 'அரைச் செக்கன் வேகமானவள்' என்று எழுதுவதில் அர்த்தமில்லை. ஆறு நீள வெற்றி என்றால், இரண்டாவதாக வந்தவள் பிறகு என்ன செய்தாள் என்று தேடுங்கள். அவள் பிறகு எதையும் வெல்லவில்லை என்றால் அந்த ஆறைப் பாதியாக வெட்டுங்கள்.

'ஆண் குதிரைகளையே தோற்கடித்தவள்' என்ற வரியும் அப்படித்தான். கென்டக்கி டெர்பியில் ஆண் குதிரை 126 இறாத்தல் சுமந்தால் ஃபில்லிக்கு 121. உங்கள் விளையாட்டிலும் அந்தச் சலுகை இருந்தால், ஃபில்லிகள் மட்டும் ஓடும் ரேஸில் அவளுக்கு அது கிடைக்காது.

தூரம்: 1,000 மீற்றரில் வென்றவளை ஒரு மைலுக்கு அப்படியே தூக்கிப் போடாதீர்கள். இங்கிலாந்தில் மூன்று வயது ஃபில்லிகளுக்கு 1814-இல் தொடங்கிய ஆயிரம் கினி ரேஸ் ஒரு மைல். 1779-இல் தொடங்கிய ஓக்ஸ் ஒன்றரை மைல். இரண்டுக்கும் நடுவில் வழக்கமாக ஒரு மாதமளவுதான். 2016-இல் மைண்டிங் என்ற ஃபில்லி இரண்டையும் வென்றபோது அதைப் பெரிதாகப் பேசினார்கள் என்றால், அது எல்லோருக்கும் வாய்க்காதது என்பதால்தான்.

நேர வித்தியாசத்தில் ஒருமுறை என் மானம் போனது. எங்கள் விளையாட்டை ஓட்டும் கணினி, அதாவது சேவர், நியூயோர்க் நேரத்தில் ஓடுகிறது. அங்கே இரவு 8 மணி ரேஸ் என்றால் கோடையில் நமக்கு மறுநாள் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30. நான் தேதியை மாற்றாமல் படித்துவிட்டு, ரேஸ் முடிந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு, ஏற்கெனவே கடைசியாக வந்துவிட்ட ஒருத்தியைப் பேவரிட் என்று எழுதி அனுப்பினேன்.

உங்கள் சொந்தக் குதிரை ஓடினால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் அவளை மனதில் வைத்த இடத்திலிருந்து இரண்டு இடம் கீழே இறக்குங்கள். போன மாத ரேஸில் என் ஃபில்லியை ஐந்தாவதாக நினைத்து, ஏழாவதாகப் போட்டு, மாமாவுக்கு அனுப்பினேன். ஆறாவதாக வந்தாள். மாமா போன் எடுத்தார்.

"உன்ர குதிரையில உனக்கே நம்பிக்கை இல்லை எண்டு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு போல."