ஏற்றத்தில் மட்டும் சூடாகும் மொடிஃபை கார்: முதலில் ஃபேனைப் பாருங்கள்

கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியா ஏறும்போது மட்டும் சூட்டு முள் எகிறுகிறது, சமதரையில் ஒன்றுமில்லை என்றால் உடனே ரேடியேட்டரை மாற்றிக் காசைக் கொட்டாதீர்கள். மெதுவான ஏற்றத்தில் எஞ்சினுக்கு வேலை அதிகம், முன்னாலிருந்து வரும் காற்றோ குறைவு. அதை ஈடுகட்ட வேண்டியது ஃபேன்தான்.

எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டிய கார்களில் வயர் மாறியிருக்கலாம். ஃபேன் ஓடும்போது ரேடியேட்டர் முன்னால் ஒரு கடதாசியைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. டர்போவுக்காக முன்னால் இன்டர்கூலர் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) வைத்திருந்தால், அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓரங்களில் உள்ள இடைவெளியைத் தகடோ ஸ்பொஞ்சோ வைத்து அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று பக்கவாட்டில் நழுவிவிடும்.

முள் மேலே நிற்க, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருக்கிறதா? பெரும்பாலும் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஓடத் திறக்கும் வால்வு, திறக்கவில்லை. புதிது போடுங்கள். "கழற்றி வீசுங்க" என்று சொல்லும் பாஸ்மார் (மெக்கானிக்குகள்) நம்ம பக்கம் நிறைய; நுவரெலியாக் குளிருக்கு அது சரிவராது, எஞ்சின் சூடேறவே நேரமெடுக்கும்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. நுவரெலியா உயரத்தில் வெறும் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும்; மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் அது கொதிக்காமல் தாங்குகிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு.