மைனஸ் குளிரில் சின்ன விமானத்தின் இன்ஜினை எப்படிச் சூடாக்குவது

மார்கழியில் தண்டையார்பேட்டை வீட்டில் தேங்காய் எண்ணெய் உறைந்தால் பாட்டிலைக் கொண்டுபோய் மொட்டை மாடி வெயிலில் வைப்போம், நமக்குத் தெரிந்த குளிர் அவ்வளவே. சென்னையில் இதுவரை பதிவானதிலேயே குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. அக்கா மகன் ஜனவரியில் பைலட் பயிற்சிக்குக் கனடா போகிறான், மானிடோபா பக்கம், அங்கே அந்த மாதத்தில் ராத்திரி மைனஸ் 30 வரை போவது சாதாரணம். நான் அந்தப் பக்கம் நாலு குளிர்காலம் விமானம் நிறுத்தும் ஹேங்கரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். "பெட்ரோல் இன்ஜின்தானே மாமா, சோக் போட்டு அடிச்சா கிளம்பாதா?" என்றான். சில நாள் கிளம்பிவிடும், பிரச்சினையே அங்கேதான்.

காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின்களைப் பார்த்து வளர்ந்த எனக்கே இது புரிய நாளானது. படகு இன்ஜினின் பாடி இரும்பு வார்ப்பு, உள்ளே சுற்றுகிற தண்டான கிராங்க் எஃகு, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சுருங்கும். விமான இன்ஜினில் கிராங்க்கைச் சுற்றியிருக்கும் கூடான கிராங்க்கேஸ் அலுமினியம். குளிரில் அது எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கி, உள்ளே சுற்ற வேண்டிய கிராங்க்கை, அதைத் தாங்கும் பேரிங்கோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறது. ஆயிலோ பாகு மாதிரி அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பிலேயே கிடக்கிறது. இந்த நிலையில் இன்ஜின் ஓடினால் பேரிங் ஆயில் இல்லாமல் தேயும், வெளியே ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் பறந்த பிறகு ஆயில் ஃபில்டரைப் பிரித்தால் உலோகத் துகளாக வந்து நிற்கும்.

எப்போது சூடாக்க வேண்டும்? லைகாமிங் கம்பெனி இன்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்கு மைனஸ் 12-க்குக் கீழே கட்டாயம். கான்டினென்டல் கம்பெனி இன்ஜின் என்றால் மைனஸ் 7 அல்லது அதற்கும் கீழே 2 மணி நேரம் நின்றிருந்தாலே கட்டாயம். உங்கள் விமானத்தின் மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை, ஆனால் நான் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலே ஹீட்டரை எடுத்துவிடுவேன்.

கரண்ட் இருக்கிற இடம் என்றால் சுலபம். சம்ப், சிலிண்டர், கிராங்க்கேஸ் மூன்றிலும் ஹீட்டர் பொருத்திய விமானமாக இருந்தால் முந்தைய ராத்திரியே பிளக்கில் சொருகி, மூக்குக்குக் கனமான போர்வை போர்த்தி, முன்னால் காற்று நுழையும் ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள். போர்வை இல்லாமல் சூடாக்குவது ஜன்னலைத் திறந்துவைத்து ஏசி போடுகிற கதை. ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் இடத்தில் சொருகுகிற ஹீட்டரை நம்பாதீர்கள், அது ஆயிலை மட்டும் சூடாக்கும், பேரிங் ஐஸாகவே இருக்கும், ஆயில் சூட்டைக் காட்டும் கேஜ் மட்டும் நல்ல பிள்ளை மாதிரி காட்டும்.

கரண்ட் இல்லாத இடத்தில் சூடான காற்று ஊதும் ஹீட்டர். குழாயை இன்ஜினை மூடியிருக்கும் கவ்லிங்குக்குள் விட்டு அரை மணி, ஒரு மணி நேரம் ஊத வேண்டும், பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை இல்லை. ஒரே இடத்தில் ஊதினால் ஒயரும் ரப்பர் ஹோஸும் உருகிவிடும். டீ குடிக்கக்கூட நகரக் கூடாது, பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோ ஆஃப், சாவி உங்கள் பாக்கெட்டில் என்று உறுதி செய்துகொண்டு புரொப்பெல்லரின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். அது நேராகக் கிராங்க்கில் மாட்டியிருக்கிறது, வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளேயும் சூடு போய்ச் சேர்ந்திருக்கிறது. சில்லென்றிருந்தால் இன்னும் காத்திருங்கள்.

அப்புறம் ஸ்டார்ட். குளிரில் பெட்ரோல் லேசில் ஆவியாகாது, அதனால் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜினுக்குள் பெட்ரோல் அடிக்கும் பிரைமர் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஆனால் ஆத்திரத்தில் அடித்துக்கொண்டே போனால் பெட்ரோல் கீழே வழிந்து, பேக்ஃபயர் ஆகும்போது தீப்பிடிக்கும். அப்படி ஆனால் ஸ்டார்ட்டரை விடாமல் சுற்றுங்கள், தீயை இன்ஜின் உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனால், எரிந்ததில் வந்த ஈரம் ஸ்பார்க் பிளக் நுனியில் உறைந்திருக்கும். மேலும் சுற்றினால் பேட்டரிதான் காலியாகும், மறுபடி சூடாக்குங்கள். ஓட ஆரம்பித்ததும் ஆயில் பிரஷரைப் பாருங்கள்: கோடையில் 30 விநாடிக்குள் ஏற வேண்டும், கடும் குளிரில் அதைப்போல இரண்டு மடங்கு நேரம் தரலாம். அதற்குள் ஏறாவிட்டால் அணைத்துவிடுங்கள். சூடாகும்வரை ஆர்பிஎம்மை ஏற்றாதீர்கள்.

இன்னொன்று, இதைப் பலர் மறந்துவிடுவார்கள். கிராங்க்கேஸின் மூச்சுக் குழாய் கீழே வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் ஈரம் உறைந்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி முன்பக்க சீல் பிதுங்கிவிடும், ஒரு தடவை முன்கண்ணாடி முழுக்க ஆயில் அப்பியபடி தரையிறங்கிய விமானத்தை நானே துடைத்திருக்கிறேன். ஏறி உட்காருவதற்கு முன் குனிந்து அந்தக் குழாயின் வாயை விரலால் தடவிப் பாருங்கள்.